நம்பர் தருகிறேன், ஒரு நிமிடம் பொறு

போன வாரம் பள்ளியில் ஓய்வு நேரத்தில் ஒரு தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உங்க வீட்டு அடுப்படியக் கட்டிக் குடுத்தாரே, அவரு நம்பர் கொஞ்சம் குடுங்களேன்." இந்த வருடம் இப்படிக் கேட்ட ஐந்தாவது ஆள் அவள். கொடுத்தேன். கொடுத்துவிட்டு வகுப்புக்குள் போன பிறகும் மனசு ஒரு மாதிரி இருந்தது. 2019இல் எங்களுக்கும் ஒருவர் இப்படித்தான் ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பருக்கு நாங்கள் கொடுத்த விலை 30,000 வெள்ளி (ரிங்கிட்).

எங்கள் வீடு கோலாலம்பூரில் ஸ்தாப்பாக்கில் இருக்கிறது. எண்பதுகளில் கட்டிய இரண்டு மாடி டெரஸ் வீடு. கீழே அடுப்படியை ஒட்டி ஒரு சின்னக் கழிப்பறை, அதுவும் குந்தி உட்காரும் வகை. குளியலறை மாடியில். அத்தைக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை மாடிப்படி ஏறி இறங்குவதைப் பார்க்கவே பயமாக இருக்கும். பின்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் அடுப்படியைப் பின்னால் நீட்டி, கீழேயே அவருக்கு ஒரு நல்ல குளியலறை கட்டிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். என் கணவருக்கு அப்போதுதான் 55 வயது முடிந்து ஈபிஎஃப் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம் கைக்கு வந்திருந்தது.

ஆள் கிடைப்பது சுலபமாக இருந்தது. கோயில் கமிட்டியில் கணவருக்குத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்: "நம்ம ஆளுதான், தங்கமான மனுஷன்." அந்த அண்ணன் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். எங்களோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டுப் பசியாறினார். சுவரைத் தட்டிப் பார்த்தார், காலால் அடி வைத்து இடத்தை அளந்தார். அத்தையிடம் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள் என்று விசாரித்தார். அவருடைய சித்தப்பாவும் அதே பக்கத்துத் தோட்டம்தானாம். அத்தைக்கு அதோடு எல்லாம் முடிந்தது. மறுநாள் கொட்டேஷன் வந்தது. ஒரே பக்கம், ஒரே வரி: "அடுப்படி நீட்டிப்பும் குளியலறையும், 1 லாட், ரி.ம. 46,000."

அந்த "1 லாட்" என்ற சொல்லை அப்போது நான் கவனிக்கவே இல்லை. இன்றைக்கு யாராவது அப்படி ஒரு கொட்டேஷனைக் காட்டினால் எனக்கு வயிறு கலங்கும்.

லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நம் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியவரிடம், அத்தையை "அம்மா" என்று கூப்பிட்டவரிடம், "அண்ணே, உங்க பேப்பரெல்லாம் காட்டுங்க" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். பெரிய கடையில் ஃபிரிட்ஜ் வாங்கினால் வாரண்டிக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். நம் ஆளிடம் 46,000 வெள்ளிக்கு வேலை கொடுக்கும்போது ரசீது கேட்கக்கூடக் கூசுகிறது.

பாதிப் பணம் முன்பணம் என்றார். 23,000 கொடுத்தோம். மூன்றாவது வாரம் இரும்பு விலை ஏறிவிட்டது என்று இன்னும் 7,000 வாங்கிக்கொண்டார். அந்த மூன்று வாரத்தில் பின்சுவரை இடித்தார்கள், பள்ளம் தோண்டினார்கள், நான்கு தூண்களை இடுப்பளவுக்கு எழுப்பினார்கள். அப்புறம் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்லில் இருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் கட்டடம் கட்டுவதாக யாரோ புகார் செய்திருக்கிறார்கள். நோட்டீஸ் அவர் பெயருக்கு வரவில்லை, வீட்டு உரிமையாளரான என் கணவர் பெயருக்கு வந்தது. "பெர்மிட்டெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் சொன்னது உண்மைதான். ஆனால் வீதி, வடிகால், கட்டடச் சட்டம் 1974இன்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. கட்டினால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். நோட்டீஸைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினோம். இரண்டு நீல டிக் விழுந்தது. அதுதான் அவரிடமிருந்து வந்த கடைசி அசைவு. தீபாவளிக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொன்னவர், அந்த அக்டோபரில் போன் நம்பரையே மாற்றிவிட்டார்.

பின்பக்கம் சுவர் இல்லாத வீட்டில் ஒரு நீலக் கென்வாஸைக் கட்டிக்கொண்டு நாங்கள் எப்படி இருந்தோம் என்று எழுதினால் அது தனிக் கதை. கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் நான் பள்ளியில் இருந்தபடியே கென்வாஸை நினைப்பேன். ஒரு நாள் சாயங்காலம் பின்சந்துக் கால்வாயில் இருந்து ஓர் உடும்பு ஏறி வந்து, கேஸ் தோம்புக்கு (சிலிண்டருக்கு)ப் பக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை அலறிய அலறலில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி துடைப்பத்தோடு ஓடி வந்தார். பிறகு 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். எங்களுக்கு வீடே முக்கால்தான் இருந்தது.

ஆணை கொஞ்சம் தளர்ந்ததும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனோம். அது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். மனுவுக்கு 5 ரிங்கிட்தான் கட்டணம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. கோரிக்கைத் தொகையின் உச்ச வரம்பை 25,000 ரிங்கிட்டில் இருந்து 2019இல்தான் 50,000 ஆக்கியிருந்தார்கள். எங்கள் 30,000 அதற்குள் அடங்கியது. பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். எதிர்மனுதாரர் பெயர், எழுதினேன். முகவரி?

அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் இருந்தது ஒரு பெயர், செத்துப் போன ஒரு நம்பர், ஒரு வெள்ளை வேனின் படம். அவ்வளவுதான். கொட்டேஷனின் தலையில் இருந்த கம்பெனிப் பெயரை, கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தேடிப் பார்த்தோம். பதிவு இரண்டு வருடம் முன்பே காலாவதி. அதில் இருந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பினோம். கொஞ்ச நாளில் உறை அப்படியே திரும்பி வந்தது, அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லையாம். கோயில் கமிட்டிக்காரரைக் கேட்டால், "எனக்கும் அவ்வளவா தெரியாதுங்க, வேற ஒருத்தர் சொன்னாரு" என்கிறார். நம்ம ஆளு என்று சொன்னவருக்கே அவர் யாரோ ஒருவருடைய ஆள்.

அந்த உறையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் யாரையும் வீட்டுப் பக்கம் விடவில்லை. சேர்த்த காசில் ஒரு தற்காலிகச் சுவரை மட்டும் எழுப்பிக்கொண்டோம். 2021 கடைசியில்தான் மறுபடி தேட ஆரம்பித்தோம். இந்த முறை நான் முதலில் செய்தது, இந்த லைசன்ஸ் என்ற வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டதுதான். ஏனென்றால் "லைசன்ஸ் இருக்கு" என்று சொல்லி ஆளுக்கு ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்கள்.

ஒருவர் எஸ்எஸ்எம் பதிவைக் காட்டுவார். அது கம்பெனி இருக்கிறது என்பதற்கான காகிதம். அதை வைத்துக்கொண்டு மீ கோரேங் கடையும் நடத்தலாம். இன்னொருவர் ஊராட்சி மன்றத்தின் வியாபார லைசன்ஸைக் காட்டுவார். அது அவருடைய கடைப் பலகைக்கானது. கட்டுமான வேலை செய்ய வேண்டுமானால் சிஐடிபியில், அதாவது 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டப்படி அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். சின்ன வேலைக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பதியாமல் கட்டுமான வேலை எடுக்கும் குத்தகையாளருக்கு அந்தச் சட்டத்தில் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் இருக்கிறது.

அவர்கள் தரும் சான்றிதழுக்கு பிபிகே என்று பெயர். ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரம். ஜி1 என்றால் 2 லட்சம் ரிங்கிட் வரையிலான வேலை எடுக்கலாம், ஜி2 என்றால் 5 லட்சம், ஜி7க்கு வரம்பே இல்லை. நான் தேடிய காலத்தில் இதுதான் கணக்கு. சான்றிதழில் காலாவதித் தேதி இருக்கும், கட்டடமா, சிவில் வேலையா, மின் இயந்திர வேலையா என்று எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறார் என்பதும் இருக்கும். சிஐடிபியின் இணையப் பக்கத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டால் இது எல்லாம் வருகிறது. காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. ஒரு ராத்திரி நான் உட்கார்ந்து, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வேலை நடக்கும் வீடுகளின் முன்னால் தொங்கும் பேனர்களில் இருந்த பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கணவர் தூக்கக் கலக்கத்தில், "என்ன, பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி உக்காந்திருக்க?" என்றார்.

இப்போது தரம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஜி7 என்றால் நன்றாகக் கட்டுவார், ஜி1 என்றால் சுமாராகக் கட்டுவார் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தரம் கைத்திறனை அளப்பதில்லை. கம்பெனியின் மூலதனம், தகுதி பெற்ற ஆட்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் பார்த்து, எவ்வளவு பெரிய வேலையை அவர் எடுக்கலாம் என்று சொல்கிறது. ஜி1க்கு அப்போது கேட்ட மூலதனம் எவ்வளவு தெரியுமா? 5,000 ரிங்கிட். ஜி2க்கு 25,000. இதைப் படித்ததும் எனக்கு முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. முறையாகப் பதிந்த ஒரு ஜி1 குத்தகையாளரிடம்கூட மூலதனமாக 5,000 வெள்ளி காட்டினால் போதும் என்றால், பதியாத ஒருவரிடம் நான் தூக்கிக் கொடுத்தது 23,000. அவருடைய தொழிலுக்கே நான்தான் முதலாளி.

அப்படியானால் அந்தச் சான்றிதழால் எனக்கு என்ன லாபம்? அந்தத் திரும்பி வந்த உறைதான் பதில். பதிந்த ஆளுக்கு ஒரு முகவரி இருக்கிறது, இழக்க ஒன்று இருக்கிறது, புகார் செய்ய ஓர் இடம் இருக்கிறது. அவர் டைல்ஸைக் கோணலாகப் பதிப்பாரா, நேராகப் பதிப்பாரா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. ஓடிப்போனால் தேடிப் போகக் கதவு உண்டு என்பதைத்தான் சொல்லும். டைல்ஸைப் பார்க்க, அவர் முன்னால் முடித்த வீடுகளுக்கு நாம்தான் போக வேண்டும். அதுவும் புதிதாக முடித்த வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று பேரைக் கூப்பிட்டேன். மூன்று கொட்டேஷன் வாங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்று பேரும் மூன்று விதமாக எழுதினால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒருவர் வயரிங்கைச் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். ஒருவர் சதுர அடி 4 வெள்ளி டைல்ஸை நினைத்திருப்பார், நாம் 9 வெள்ளி டைல்ஸை நினைத்திருப்போம். அதனால் இந்த முறை பட்டியலை நானே எழுதினேன். எத்தனை சதுர அடித் தரை, செங்கல் எந்த வகை, தண்ணீர்க் குழாய் எந்த வகை, பிளக் பாயிண்ட் எத்தனை, விளக்கு எத்தனை, டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு வரை, பழைய கட்டடக் கழிவை அள்ள ரோரோ தொட்டிக்கு யார் காசு, எல்லாம். ஒரே பட்டியலை மூவருக்கும் கொடுத்து விலையை மட்டும் நிரப்பச் சொன்னேன். ஒருவர் திரும்பி வரவே இல்லை. அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது ஆள் பிபிகே அனுப்பினார். ஜி3, காலாவதி ஆகவில்லை, எல்லாம் சரி. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பெயர் அதில் எங்கும் இல்லை. சில வெள்ளி கட்டி எஸ்எஸ்எம்மில் கம்பெனி விவரத்தை எடுத்தேன். இயக்குநர்கள் இரண்டு பேர், இவர் அதில் ஒருவர் கிடையாது. கேட்டேன். "அது நம்ம ஃப்ரெண்டு லைசன்ஸ்தான் டீச்சர், எல்லாரும் இப்படித்தானே செய்யறாங்க" என்று சிரித்தார். எல்லாரும் செய்கிறார்கள் என்பது ஒருவேளை உண்மையாக இருக்கலாம். நாளைக்குத் தகராறு என்றால் லைசன்ஸ்காரர் "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்பார், இவர் "அது என் கம்பெனி இல்லை" என்பார். நான் மறுபடியும் உறையில் முகவரி எழுதிக்கொண்டிருப்பேன். தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன். இந்த முறை தோசை போடவில்லை.

மூன்றாவதாக வந்தவர் ரவாங்கில் இருந்து வந்த ஒரு தம்பி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஜி2, கம்பெனி அவர் பெயரிலும் அவர் அக்கா பெயரிலும் இருந்தது. நான் காகிதங்களைக் கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். நான் கேட்கக் கூசிய அத்தனையும் அதில் இருந்தது: பிபிகே, எஸ்எஸ்எம், தொழிலாளர்களின் சிஐடிபி அட்டை நகல், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி கட்டிய ரசீது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரியில் இருந்து சொக்சோ கட்ட வேண்டும். உங்கள் வீட்டுச் சாரத்தில் இருந்து ஒருவர் விழுந்தால் அந்த ரசீதின் அருமை தெரியும். அத்தை பழைய வழக்கப்படி எந்தத் தோட்டம் என்று ஆரம்பித்தார். "நான் ஃபிளாட்டுல பொறந்து வளந்தவன் பாட்டி" என்றார் தம்பி. அத்தைக்கு அவரைப் பிடிக்கவில்லை.

வந்த இரண்டு விலையில் இவருடையதுதான் அதிகம். 78,000. 2019இல் அந்த அண்ணன் சொன்ன 46,000ஐ நினைத்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் இதில் என்னென்ன இருக்கிறது என்று வரி வரியாகத் தெரிந்தது. பணம் கொடுக்கும் முறையும் அவரே எழுதியிருந்தார். தொடங்கும்போது 10 சதவீதம். அடித்தளமும் தரை பீமும் முடிந்ததும் 20. சுவரும் சிலாப்பும் முடிந்தால் 25. வயரிங், குழாய், பூச்சு முடிந்தால் 20. டைல்ஸும் பொருத்து வேலையும் முடிந்தால் 20. கடைசி 5 சதவீதம், அதாவது 3,900 வெள்ளி, சாவி கொடுத்து ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதத்தில் ஒழுகினால், விரிந்தால், அவர் செலவில் சரி செய்ய வேண்டும். ஒரு விதியை நான் சேர்த்தேன்: கூடுதல் வேலை எதுவானாலும், செய்வதற்கு முன்னால் விலையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தொழிலில் இதை வி.ஓ. என்பார்கள். "சரி டீச்சர், வாட்ஸ்அப்புல ஓகே போட்டாலும் போதும்" என்றார். வேண்டாம், காகிதம்தான் என்றேன். பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் ஒரு முறை சூடு பட்ட கை.

அனுமதிதான் நேரம் தின்றது. பதிவு பெற்ற வரைபடக்காரர் திட்டம் வரைந்து, பொறியாளர் தூணுக்கும் அடித்தளத்துக்கும் கணக்குப் போட்டு, டிபிகேஎல்லுக்கு அனுப்பி, நாலு மாதம். நடுவில் எனக்கே பொறுமை போனது. வேலையைச் சும்மா ஆரம்பித்து வைக்கலாமே என்று நானே கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டேன். "பெர்மிட் வராம நான் ஒரு செங்கல்லகூடத் தொட மாட்டேன் டீச்சர். உங்களுக்கு நோட்டீஸ் வரும், எனக்கு லைசன்ஸ் போகும்" என்றார். இழக்க ஒன்று இருக்கிறது என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

பொறியாளர் வந்து மண்ணைச் சோதித்ததைச் சொல்லாமல் விட முடியாது. மெக்கிண்டாஷ் ப்ரோப் என்று ஓர் இரும்புக் கம்பி. ஒரு எடையைத் தூக்கித் தூக்கிப் போட்டு அதை மண்ணுக்குள் இறக்குவார்கள், எத்தனை முறை அடித்தால் எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணுவார்கள். எங்கள் பின்பக்கத்தில் முதல் சில அடிகளில் அது வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. கோலாலம்பூரே வெள்ளீயம் தோண்ட வந்தவர்களால் உருவான ஊர். எங்கே பழைய குட்டை, எங்கே கொட்டி நிரப்பிய மண் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. டெரஸ் வீட்டின் நீட்டிப்புகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், பழைய வீடும் புது அடுப்படியும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடும். வருடா வருடம் பூசுவார்கள், வருடா வருடம் திறக்கும். காரணம் பூச்சு இல்லை. பழைய வீடு ஆழமான அடித்தளத்தில் அசையாமல் நிற்கும், புது அறை மேல்மண்ணில் உட்கார்ந்து மெதுவாக இறங்கும். அந்த 46,000 ஆள் எழுப்பிய நான்கு தூண்களுக்கு அடியில் என்ன இருந்தது என்று தோண்டிப் பார்த்தோம். இரண்டடி ஆழத்தில் ஒரு சின்ன கான்கிரீட் கட்டி, அவ்வளவுதான். அவர் ஓடிப்போனது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்கு முதல் முறையாகத் தோன்றியது. நான்கையும் உடைத்து எடுத்து, மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்கிப் புதிதாகப் பைலிங் போட்டு ஆரம்பித்தார்கள்.

வேலை 2022 ஜூனில் தொடங்கியது. மழை குறைந்த மாதமாகப் பார்த்துக் கூரையைத் திறந்தார்கள். இரண்டு பக்கத்து வீடுகளின் சுவர்களையும் முதல் நாளே தம்பி படம் எடுத்து வைத்தார், ஏற்கெனவே இருந்த விரிசல்களோடு. பின்னால் "உங்க இடிப்புல வந்தது" என்று பேச்சு வராது பாருங்கள். அந்தச் சீனப் பாட்டிக்கு ஒரு டின் பிஸ்கட்டோடு போய் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தேன். 2019இல் புகார் செய்தது அவர்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை. செய்திருந்தால் நன்றி.

மின்சாரத்துக்குத் தனி ஆள். குத்தகையாளருக்கு சிஐடிபி இருந்தால் வயரிங்கும் அவரே இழுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. எரிசக்தி ஆணையத்தில், சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். முடித்ததும் பாரம் ஜி, பாரம் எச் என்று இரண்டு தாள், ஒன்று மேற்பார்வையிட்டு முடித்ததற்கு, மற்றது சோதித்ததற்கு, அவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். குளியலறை ஹீட்டருக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் ஆர்சிடி தனியாகப் போடச் சொன்னேன். ஈரக் கையோடு நிற்பது எழுபத்தெட்டு வயது அத்தை.

எல்லாம் வெண்ணெய் போல நடந்தது என்று நினைக்காதீர்கள். ஆகஸ்டில் இரண்டு வாரம் ஆளே வரவில்லை, வேறு எங்கோ ஒரு வேலையை முடிக்கப் போய்விட்டார்கள். எனக்கும் தம்பிக்கும் வாசலில் வைத்தே வாக்குவாதம். குளியலறைத் தரையின் சரிவு தப்பாக இருந்தது. தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்து நின்றது. வேலையாட்களின் மேஸ்திரியான மண்டோர், "காய்ஞ்சிடும் டீச்சர்" என்றார். நான்காவது தவணையை முடித்திருந்தோம், ஐந்தாவதைக் கொடுக்கவில்லை. மொத்த டைல்ஸையும் பெயர்த்து மறுபடி போட்டார்கள். கூடவே நீர்க்காப்புப் பூச்சும் இரண்டாவது முறை. பிறகு வடிகாலை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் நிற்க வைத்து, ஒரு முழு நாளும் ராத்திரியும் விட்டுப் பார்த்தோம். ஒழுகவில்லை. என் கையில் கொடுக்காத பணம் இல்லாமல் இருந்திருந்தால் இதைச் செய்திருப்பார்களா? தம்பி நல்லவர்தான், ஆனாலும் தெரியவில்லை.

தீபாவளிக்கு முதல் வாரம் முடிந்தது. மூன்று வருடம் தள்ளிப் போன தீபாவளி. புது அடுப்படியில் முதலில் சுட்டது நெய்யுருண்டையும் முறுக்கும். நவம்பர் மழையில் பழைய கூரையும் புது சிலாப்பும் சேரும் இடத்தில் ஒரு கசிவு தெரிந்தது. சுவரில் உள்ளங்கை அளவு ஈரம். படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக். எனக்குக் கை கால் எல்லாம் பதறியது, உண்மையாகச் சொல்கிறேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "டீச்சர், சனிக்கிழமை காலைல வரேன்." வந்தார். தகரத்தைத் தூக்கி, இடைவெளியை அடைத்து, மேலே புதிதாக ஒரு மடிப்பு போட்டுவிட்டுப் போனார். அந்த முறை தோசை சாப்பிட்டார்.

2023 ஏப்ரலில் கடைசி 3,900ஐக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு ஐம்பது காசை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தோம். அடியில் சிமெண்டு சரியாகப் பிடிக்காத டைல்ஸ் உள்ளே காற்றோடு சத்தம் போடும். குளியலறைக் கதவில் இருந்து மூன்றாவது டைல்ஸ் அப்படி இருந்தது. மாற்றித் தருகிறேன் என்றார் தம்பி. ஆனால் அந்த நிறம் கடையில் தீர்ந்துவிட்டது, ஒன்று மட்டும் வேறு மாதிரித் தெரியும். விரிசல் விடாதவரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

அத்தை இன்றும் காலையில் குளிக்கப் போகும்போது கைத்தடியால் அந்த டைல்ஸை ஒரு தட்டு தட்டுவார். "இன்னிக்கும் டொக்குனுதான் கேக்குது" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். பிறகுதான் கதவைச் சாத்துவார்.